ப்ராஜெக்ட் பிள்ளைக்கா, பெற்றோருக்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. ‘விலங்குகளும் அவை வாழும் இடங்களும்’ என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்து, தெர்மாகோலில் மாடல் செய்து வரச் சொன்னார்கள். இரண்டு நாள்தான் அவகாசம். நானும் என் கணவரும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து செய்தோம், பையன் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டான். வகுப்பில் நல்ல பாராட்டு. ஆனால் எனக்கு மனசு உறுத்துகிறது. நாங்கள் செய்தது தப்பா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: தப்பில் பெரும்பங்கு உங்களுடையது இல்லைம்மா. ஏழு வயதுப் பிள்ளை கையில் தெர்மாகோலையும் பிளேடையும் கொடுக்க முடியாது என்பது வேலையைக் கொடுத்தவர்களுக்கும் தெரியும். அப்படியென்றால் அது ஆரம்பத்திலேயே அப்பா அம்மாவுக்குக் கொடுக்கப்பட்ட வேலைதான். தெருமுனை ஸ்டேஷனரி கடையில் படச் சீட்டு வாங்கி, வெட்டி, சார்ட்டில் ஒட்டி, சுற்றிலும் ஜிகினாத் தூள் தூவி அனுப்புகிறோமே, அதுவும் இதே கதைதான். பாராட்டு வீட்டுக்கு வருகிறது, பிள்ளையின் விரல் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

போன வருடம் என் வகுப்பில் இதே தலைப்பைக் கொடுத்தபோது ஒரு பையன் செருப்பு டப்பா ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளே கசக்கிய பிரவுன் பேப்பரில் ஒரு எறும்புப் புற்று, அதிலிருந்து டப்பாவின் ஓரம்வரை வரிசையாக ஒட்டிய கடுகு. கடுகுதான் எறும்பு. பசை அங்கங்கே வழிந்திருந்தது, புற்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வரிசையை விட்டுத் தள்ளி, டப்பாவின் மூலையில் ஒரே ஒரு கடுகு மட்டும் தனியாக ஒட்டியிருந்தது. தெரியாமல் விழுந்தது போல என்று நினைத்து, “இது என்னப்பா?” என்றேன். “அது வழி தெரியாம போயிடுச்சு டீச்சர், தேடிட்டு இருக்கு” என்றான். எறும்பு வரிசையாகப் போகும், வரிசை தவறினால் தேடும் என்று அவன் பார்த்துத் தெரிந்துகொண்டது எல்லாம் அந்த ஒரு கடுகில் இருந்தது. எந்த அப்பாவுக்கும் அந்தக் கடுகைத் தனியாக ஒட்டத் தோன்றியிருக்காது.

அடுத்த தடவை ப்ராஜெக்ட் வந்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு காலி டப்பாவை அவனிடம் கொடுங்கள். பத்து விலங்கு வேண்டாம், அவன் நேரில் பார்த்த ஒன்று போதும். ஓடையோரம் போகும் எருமை, வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி, எதுவானாலும் சரி. பிளேடு, அடுப்பு, சூடான பசைத் துப்பாக்கி இவை மட்டும் உங்கள் வேலை, மற்றதெல்லாம் அவன் கை. அனுப்பும்போது டைரியில் ‘இது முழுக்க என் மகன் செய்தது’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அதற்கப்புறம் கோணலாக இருந்தாலும் யாரும் குறை சொல்லத் தயங்குவார்கள். இன்னும் மூன்று நான்கு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பல ஆசிரியர்களுக்கும் இந்தத் தெர்மாகோல் குவியல் பிடிப்பதில்லை, யாராவது முதலில் சொல்லட்டும் என்றுதான் இருக்கிறார்கள். அது மட்காத பொருள், வெட்டினால் துகள் வீடெல்லாம் பறக்கும், சூடான கம்பியால் வெட்டினால் வரும் புகையைப் பிள்ளைகள் சுவாசிக்கவே கூடாது.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. ஒன்றிலிருந்து ஐந்து வரை சேர்த்து 34 பிள்ளைகள். ஓவிய ஆசிரியர் கிடையாது, எனக்கும் படம் வரைய வராது. கலர் வாங்கக் காசும் இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். என்ன செய்யலாம்?
– ஒரு ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் டீச்சர். பகுதிநேர ஓவிய ஆசிரியர்களைக்கூட அரசு ஆறாம் வகுப்புக்கு மேல்தான் போட்டிருக்கிறது, கையால் செய்து கற்றுக்கொள்ளும் வயதுப் பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. உங்களுக்கு வரைய வராததைப் பற்றிக் கவலையே படாதீர்கள். நன்றாக வரையும் ஆசிரியர் போர்டில் ஒரு மயில் போட்டால் 34 பேரும் அதே மயிலைத்தான் போடுவார்கள். வராது என்பது இந்த இடத்தில் நல்லதுதான்.

முதல் மாதம் முழுக்கக் களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி, குளம் வற்றிய இடத்தில் கிடைக்கும். குயவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடமே பிசைந்த மண்ணாகக் கேட்டு வாங்கிவிடலாம். நீங்களே எடுத்தால், கட்டியை வெயிலில் காயவைத்துத் தட்டி நொறுக்கி, தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, பழைய துணியில் வடிகட்டிக் கல்லையும் வேரையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் வற்றி, மண் சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்ததும் பிசைய வேண்டும். இந்தப் பிசைகிற வேலையை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், அதில் அவர்களுக்கு இருக்கிற சந்தோஷம் பொம்மை செய்வதில்கூட இருக்காது. விரலில் ஒரு துண்டைச் சுற்றிப் பாருங்கள், விரிசல் விடாமல் சுற்றினால் மண் தயார்.

சின்னவர்களுக்கு உருண்டையும் பாம்பும் போதும். பெரியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். யானைக்குத் துதிக்கையை அப்படியே அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். இரண்டு பக்கத்தையும் குச்சியால் கீறி, தண்ணீரில் கரைத்த குழம்பு மண்ணைத் தடவி, அப்புறம் அழுத்தினால்தான் பிடிக்கும். பெருவிரல் தடிமனுக்கு மேல் வேண்டாம். தடிமனான இடம் மெதுவாகக் காயும், மெல்லிய இடம் சீக்கிரம் காயும், இந்த வித்தியாசத்தில்தான் விரிசல் வருகிறது. நிழலில் காயவையுங்கள், முதல் நாள் ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் இன்னும் நல்லது. ஆர்வக் கோளாறில் யாராவது அடுப்பில் போட்டுச் சுடப் போனால் தடுத்துவிடுங்கள், உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி வெடித்துச் சிதறும். சுடாமலே இருக்கட்டும். ஆறு மாதத்தில் உடைந்தால் மறுபடி தண்ணீரில் போட்டுப் பிசைந்துகொள்ளலாம், மண் வீணாகாது.

இரண்டாம் மாதம் நிறங்கள். காசே வேண்டாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள், அடுப்புக்கரியைப் பொடித்தால் கறுப்பு, உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் அரைத்துச் சலித்தால் காவி. இலையைக் கசக்கித் தேய்த்தால் பச்சை, ஆனால் அது சில நாளில் பழுப்பாகிவிடும் என்பதையும் பிள்ளைகளே பார்க்கட்டும். பொடி பேப்பரில் ஒட்டி நிற்க ஒரு பசை வேண்டும். கருவேலம் பிசினை ராத்திரி ஊறவைத்தால் காலையில் கரைந்திருக்கும், அதை இரண்டு சொட்டு விட்டுக் குழையுங்கள். கடையில் விற்கும் வாட்டர் கலரில் நிறத்தைப் பிடித்து வைப்பதும் வேலமரத்து இனப் பிசின்தான்.

அப்புறம் செம்பருத்தி. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சிவப்புச் செம்பருத்தி இதழைக் கசக்கிப் பேப்பரில் தேய்த்தால் சிவப்பு வராது, ஊதா வரும், அதற்கே பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அது காய்ந்ததும் குச்சியால் எலுமிச்சைச் சாறு தொட்டு ஒரு கோடு போடச் சொல்லுங்கள், அந்த இடம் ரோஜா நிறமாக மாறும். துணி சோப்பு கரைத்த தண்ணீரில் தொட்டால் பச்சை. மஞ்சள் தடவிய பேப்பரில் அதே சோப்புத் தண்ணீரை வைத்தால் ஆரத்தித் தட்டுச் சிவப்பு. சுண்ணாம்பும் அதையேதான் செய்யும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அறிவியல் பாடத்தில் அமிலம், காரம் என்று வரும்போது இந்தப் பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்காது.

மூன்றாவதாக ஒன்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், காகிதக் கூழ். பழைய பேப்பரை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து, கவிழ்த்த கிண்ணத்தின் மேல் அப்பிக் காயவைத்து எடுத்தால் கூடை. இதை உங்கள் ஊர்ப் பாட்டிகளில் பாதிப்பேர் செய்திருப்பார்கள். ஒரு பாட்டியைப் பள்ளிக்கு அழைத்து வந்து திண்ணையில் உட்காரவையுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். மைதாப் பசை காய்ச்சினால் அதில் மயில்துத்தம் மட்டும் போடக் கூடாது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சிக்காகப் போடுவார்கள், அது விஷம்.

கேள்வி: என் பேத்திக்கு ஆறு வயது. மனிதர்களை வரைந்தால் தலை பானை மாதிரி, கை கால் குச்சி. வானத்தை மேலே ஒரு நீலப் பட்டையாக மட்டும் போடுகிறாள், நடுவில் வெறும் வெள்ளை. பஸ் வரைந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் காலும் தெரிகிறது. திருத்தலாமா, ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: திருத்தாதீர்கள் ஐயா. பேத்தி வயதுக்குச் சரியாகத்தான் வரைகிறாள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி ஆசிரியர் 1947இல் ஒரு புத்தகத்தில் இதைப் படிப்படியாக எழுதிவைத்தார். இரண்டு வயதிலிருந்து நான்குவரை கிறுக்கல். நான்கிலிருந்து ஏழுவரை தலையும் காலுமாக ஆட்கள். ஏழுக்கு மேல் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு அதன்மேல் வீடு, மரம், ஆள் எல்லாவற்றையும் நிற்கவைப்பார்கள். ஒன்பதுக்கு மேல்தான் ‘நிஜம் மாதிரி இல்லையே’ என்ற கவலை தொடங்கும். வயதுக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும்.

பஸ்ஸுக்குள் கால் தெரிவதைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் கண்ணுக்குத் தெரிவதை வரையவில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறாள். பஸ்ஸுக்குள் ஆள் இருக்கிறது, ஆளுக்குக் கால் இருக்கிறது, அப்புறம் ஏன் விட வேண்டும்? வானமும் அப்படித்தான். அவளைப் பொறுத்தவரை வானம் மேலேதான் இருக்கிறது, நம்மைச் சுற்றியிருப்பது வெறும் காற்று. பெரிதாக வரைவது அவளுக்கு முக்கியமானது. உங்களை வரைந்து மூக்குக்கண்ணாடியை மட்டும் முகத்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தால் சந்தோஷப்படுங்கள்.

வரைந்து கொண்டுவந்து காட்டும்போது “இது என்ன?” என்று கேட்காதீர்கள், புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். “இதுல என்ன நடக்குதுன்னு தாத்தாவுக்குச் சொல்லு” என்று கேளுங்கள், கதை கொட்டும். வகுப்பு இப்போது வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து அச்சுப் பார்த்து வரையவைக்கும் வகுப்புகளில் சேர்த்தால், ஒரு வருடத்தில் அழகான கிளி வரைவாள், ஆனால் பஸ் வரைவதை விட்டுவிடுவாள். இப்படி விட்டுவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன கலர் வாங்கலாம்?
– வாசகர், ஓசூர்

பதில்: 48 கலர் ஸ்கெட்ச் பென் டப்பா வாங்காதீர்கள், இரண்டு வாரத்தில் காய்ந்துபோகும், கலந்து பார்க்கவும் முடியாது. ஒரு டப்பா ஆயில் பேஸ்டல், சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கே போஸ்டர் கலர் பாட்டில், 8ஆம் நம்பர் உருண்டை பிரஷ் ஒன்று. கறுப்பு வேண்டாம், கறுப்பு இருந்தால் எல்லாவற்றிலும் கலந்து சேறாக்கிவிடுவார்கள். முதலில் மஞ்சளை எடுத்து அதில் துளித்துளியாக நீலத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலத்தில் மஞ்சளைச் சேர்த்தால் பாட்டில் முழுக்கத் தீர்ந்தாலும் பச்சை வெளுக்காது. தாள் பெரியதாக இருக்கட்டும், பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். வெள்ளைக் கிரையானால் அதில் ரகசியமாக ஏதாவது எழுதிவிட்டு, மேலே நீர்த்த கலரை அடிக்கச் சொல்லுங்கள். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது, எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஓடிவிடும்.

கேள்வி: மார்கழியில் நான்காம் வகுப்பில் கோலம் போடவைத்தேன். பையன்கள் “அது பொம்பளப் பிள்ளைங்க வேலை” என்று ஒதுங்கிவிட்டார்கள். எப்படி இழுப்பது?
– ஆசிரியர், கோவை

பதில்: கோலமாவை முதல் நாளே கொடுத்திருப்பீர்கள். மாவை விரலிடுக்கில் விட்டுக் கோடு இழுப்பது தனி வித்தை, வீட்டில் பழகாத பையனுக்கு வராது. வராததை எல்லார் முன்னாலும் செய்வதைவிட ‘அது எனக்கில்லை’ என்று சொல்லிவிடுவது அவனுக்குச் சுலபம். அதனால் மாவை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். தரையில் புளியங்கொட்டையைப் புள்ளியாக வைத்து, ஒரு நீளமான நூல்கயிற்றைக் கொடுங்கள். விதி இரண்டுதான்: ஒவ்வொரு புள்ளியையும் கயிறு சுற்றி வர வேண்டும், கடைசியில் கயிற்றின் இரண்டு முனையும் சேர வேண்டும். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளியில் தொடங்குங்கள். நாலு பேர் கொண்ட குழுவாக விட்டால் எந்தப் பையனும் ஒதுங்க மாட்டான், புதிர் என்று நினைத்து மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவான். அது சிக்குக் கோலம் என்று அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லுங்கள். சென்னை தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற கணித அறிஞர்கள் 1970களில் கோலத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு சின்ன வடிவத்திலிருந்து எந்தெந்த விதிகளால் பெரிய கோலம் வளர்கிறது என்று எழுதினார்கள், கணினி அறிவியலில் படங்களுக்கு இலக்கணம் வகுக்கும் பிரிவில் அந்த வேலைக்கு இடம் இருக்கிறது. பாட்டி வாசலில் போட்டதைக் கணிதமாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டால் பெண் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள், அதுவும் வேண்டியதுதானே.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனோம். பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஐஸ் வாங்கப் போய்விட்டார்கள். வருத்தமாக இருந்தது.
– ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: பத்து நிமிடம் நின்றார்களே, அது பெரிது. நிறம் மங்கிய சுவரைப் பார்த்து வியக்கச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். போவதற்கு முன்னால் அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அங்கே விதானத்தில் இருப்பது ஒரு தாமரைக் குளம். மீன், யானை, எருமை, பறவைகள், பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். சமணக் குடைவரை அது, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்தான் என்று 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு சொல்கிறது. ‘எத்தனை மீன், எருமை எங்கே, பூப்பறிப்பவர் கையில் என்ன’ என்று தேடவிட்டிருந்தால் கழுத்து வலிக்க மேலே பார்த்திருப்பார்கள்.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வகுப்பில் பிரவுன் பேப்பரைப் பத்தடி நீளத்துக்கு ஒட்டித் தரையில் விரியுங்கள். தண்ணீருக்கு அலை அலையாகப் பச்சை அடிக்கட்டும். இது உங்கள் ஊர்க் குளம். ஒவ்வொருவரும் அதில் தான் பார்த்த ஒன்றைச் சேர்க்க வேண்டும்: தாமரை, வாத்து, துணி துவைக்கும் கல், குளத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்கூட வரட்டும். எனக்கு வரைய வராது என்று ஒதுங்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் உண்டு, அவர்களுக்குக் கத்தரிக்கோலும் கலர் பேப்பரும் கொடுங்கள், பென்சிலால் வரையாமல் நேரடியாக மீன் வெட்டட்டும். பிரான்சின் பெரிய ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சை ஆனபிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்துகொண்டு, வண்ணம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கடைசிக் காலப் படங்களைச் செய்தார். இதைச் சொன்னால் அந்த மூன்று பேரும் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: மாவட்ட அளவிலான ஓவியப் போட்டியில் ‘என் ஊர்’ என்று தலைப்பு. என் மகள் மீன் ஏலம் விடுவதை வரைந்தாள், பரிசு இல்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை, தென்னை மரம் வரைந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. அழுகிறாள்.
– ஒரு அப்பா, ராமேசுவரம்

பதில்: எனக்கும் கோபம்தான் வருகிறது. உங்கள் ஊரில் அந்த இரண்டு மலை எங்கே இருக்கிறது? ‘சீனரி’ என்று சொல்லி அந்த ஒரே படத்தைத் தமிழ்நாடு முழுக்க எத்தனை தலைமுறைக்குப் பழக்கிவிட்டோம்! நடுவராகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் படங்களில் சுத்தமாகக் கலர் அடித்ததைத் தேடாதீர்கள், அந்தப் பிள்ளை மட்டும் பார்த்த ஒன்று அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மகளிடம் பரிசைப் பற்றிப் பேசாமல் படத்தைப் பற்றிப் பேசுங்கள். ஏலம் விடுகிறவர் கை எப்படி இருக்கும், கூடையில் எந்த மீன், பக்கத்தில் நாய் நின்றதா என்று கேளுங்கள். அப்புறம் அவளையும் படத்தையும் ஏலம் நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போய் அங்கிருக்கும் அக்காக்களிடம் காட்டுங்கள். ஒவ்வொருவரும் “இது நான்தானே” என்று கேட்பார்கள் பாருங்கள்.

கேள்வி: வீடெல்லாம் பிள்ளைகளின் படமும் பொம்மையும் குவிகிறது. தூக்கிப் போட்டால் சண்டை. என்ன செய்வது?
– இரண்டு பிள்ளைகளின் அம்மா, சென்னை

பதில்: பிள்ளைக்கு ஒரு அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். பெட்டி நிறைந்ததும் எது இருக்கட்டும், எது போகட்டும் என்று அவர்களே எடுக்கட்டும், நீங்கள் எடுக்காதீர்கள். பெட்டியில் அடங்காத பொம்மைகளைப் போட்டோ எடுத்துவிட்டு உடைத்துக்கொள்ளலாம். படத்தின் பின்பக்கம் தேதியையும், வரைந்தபோது பிள்ளை சொன்ன ஒரு வரியையும் சொன்னபடியே எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.